களைக்கு வந்த மரியாதை

அது உலக யுத்தக் காலம். மாட்டுக்குப் போடும் பிண்ணாக்கைக் கடையில் கண்ணாலும் காண முடியாது. எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. என் மூத்தவன் வீட்டுப் பசுவின் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தான். பசுவோ நான் சுமந்து வரும் களையை நம்பி நின்றது.

என் கணவரின் பெரியப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மிளகாய்த் தோட்டத்தில் நாங்கள் நாலைந்து பெண்கள் களை பிடுங்கப் போவோம். கூலியோடு, பிடுங்கிய களையும் பிடுங்கியவளுக்கே என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாறணை, அறுகு, கோரை எல்லாவற்றையும் பனையோலைக் கடகத்தில் அமுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். குப்பை ஒழிந்தது என்று மாமாவும் சந்தோஷப்படுவார்.

அப்படியிருக்க, விவசாயக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து கோயில் வீதியில் கூட்டம் வைத்தார். களைகளில் நல்ல சத்து இருக்கிறது, பிண்ணாக்குக்குப் பதிலாகப் போட்டால் பால் குறையாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சொல்லவா இந்த வெயிலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தார்! மாமா முன்னுக்கு இருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடகத்தைத் தூக்கப் போனபோது மாமா வந்து நின்றார்.

"பிள்ளை, உந்தக் களையை எங்கடை மாட்டுக் கொட்டிலடியிலை கொட்டு."

"ஏன் மாமா?"

"சத்தெல்லோ! என்ரை நிலத்துச் சத்தை ஏன் வெளியிலை விடுவான்?"

"நேற்றுவரைக்கும் குப்பை எண்டு சொன்னனீங்கள்."

"நேற்றுத் தெரியாது, இண்டைக்குத் தெரியும்."

நிலம் அவருடையது, தண்ணீர் அவர் இறைத்தது, சரி. களையை யார் நட்டது? ஒருவரும் நடவில்லை. அப்படியானால் அது யாருடைய பொருள்? என் வாய்க்கு அயலே பயந்து ஒதுங்கும்; அன்றைக்கு அந்த வாய் எங்கே தொலைந்ததோ! கொட்டிவிட்டு வெறுங்கடகத்தோடு வந்தேன்.

புல்லுச் செதுக்கும் உழவாரத்தை எடுத்துக்கொண்டு தெருவோரமெல்லாம் அலைந்தேன். அந்தக் கோடையில் எங்கே புல்லு? பசுவின் மடி சுருங்கிக்கொண்டு போனது. பாலில் தண்ணீரைக் கூட்டினேன். பிள்ளை குடித்துவிட்டும் அழுதான். மாமா கெட்டவர் என்று முடிவுகட்டினால் மனம் ஆறியிருக்கும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவரும் அந்த மனுசன்தானே! யாரைத் திட்டுவதென்று பிடிபடாமல் அந்த உத்தியோகத்தரைத் திட்டினேன். பாவம், அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

ஒருநாள் காலையில் மாமாவின் மனைவி, என் மாமி, செம்பு நிறையப் பாலோடு வந்தார்.

"எங்கடை மாடு இப்ப நல்லாக் கறக்குது பிள்ளை. பேரனுக்கெண்டு கொண்டு வந்தனான்."

பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தான். வயிறு நிரம்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை நாள்! மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, செம்பைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும் போலவும் இருந்தது.

மாமி எங்கள் கொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, உன்ரை மாடு உப்பிடி மெலிஞ்சு போச்சு? நீ ஒண்டும் போடுறேல்லையோ?"

சத்தியமாக அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே விளங்கியது.

நான் செம்பைக் கழுவிக் கொடுத்தேன்.

"நாளைக்கும் கொண்டு வாங்கோ மாமி" என்றேன்.