இடது பக்கத்து ரெண்டு டயரு

எங்க மாமா, அம்மாவுக்கு மூத்தவரு, கார் ஓட்டும்போது வீட்டாளுக யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் மட்டும் தொறப்பேன். ஒம்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடத்த விட்டுட்டு லோடு ஆட்டோ ஓட்டுதவன் நான்; வாயி மட்டும் இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கு.

மாமாவுக்கு வத்தலு, உளுந்து யாவாரம். இளையரசனேந்தல் பக்கம் மழை பேஞ்சா கரிசக்காட்டுல டிராக்டரே உக்காந்துரும். அதுக்குன்னே நாலு சக்கரமும் சேந்து இழுக்குத காரா தேடிப் பிடிச்சி செகண்ட்ஸ்ல வாங்குனாரு. சேத்துல மாட்டுன அடுத்தவன் வண்டிய கயிறு கட்டி இழுத்து விட்டுட்டு, மீசைய ஒரு தடவு தடவிக்கிட்டு ஏறி உக்காருவாரு. அந்தத் தடவல அப்படியே நான் பக்கத்துல நின்னு செஞ்சி காட்டுவேன். திரும்பாமலே கையி வரும், மண்டையில நச்சுன்னு ஒரு கொட்டு. எந்தப் பக்கம் நின்னாலும் தப்ப முடியாது.

மாமா மக பிள்ளப்பேறுக்கு வந்து இங்க சங்கரன்கோவில்லதான் இருந்தா. அவளையும் பிள்ளையையும் மறுநாள் வாசுதேவநல்லூர்ல மாப்பிள்ள வீட்டுல கொண்டு விடணும். "என் பேத்திக்கு மொத சவாரி. நாந்தான் ஓட்டுவேன்"ன்னு மாமா தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. அதுக்காகத்தான் டயரு மாத்த ராஜபாளையம் ரோட்டுக் கடைக்குப் போனாரு. கூப்பிடாமலே நானும் பின்சீட்டுல ஏறிக்கிட்டேன்.

"இடது பக்கம் ரெண்ட மட்டும் மாத்துங்க அண்ணாச்சி"ன்னாரு மாமா.

கடைக்காரரு ஒரு மாதிரி பாத்தாரு. "முன்னால ரெண்டும்பாங்க, பின்னால ரெண்டும்பாங்க. இதென்ன கணக்கு?"

"அந்தப் பக்கந்தான் மோசமா இருக்கு."

"இந்த வண்டிக்கு அப்படிச் செய்யக் கூடாது. நாலு சக்கரமும் சேந்து இழுக்குது. ரெண்டு புதுசு, ரெண்டு தேஞ்சதுன்னா உருளுத அளவு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது. உள்ள இருக்க கியரு போயிரும். மாத்துனா நாலையும் மாத்தணும்."

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸு போட்டு நடந்து பாருங்க மாமா, புரியும்"ன்னேன்.

"நீ வாயப் பொத்துல."

மாமா ரொம்ப நேரம் வாதாடிட்டுத்தான் நாலுக்கும் ஒத்துக்கிட்டாரு. மாமா கஞ்சன் இல்ல. எதுக்கு இடது பக்கத்த மட்டும் பிடிச்சிக்கிட்டு இப்படி மல்லுக்கட்டுதாருன்னு எனக்கு வெளங்கல.

நாலையும் கழத்தி செவத்துல வரிசையாச் சாத்தி வச்சப்பதான் வெளங்குச்சு. வலது பக்கத்து ரெண்டும் வழுக்கையா, ஒரே சீராத் தேஞ்சிருந்துச்சு. இடது பக்கத்து ரெண்டும் அதே மாதிரிதான் தேஞ்சிருந்துச்சு, ஆனா வெளிப்பக்கம் பூராவும் ஒரே சிராய்ப்பு. அங்கங்க கீறி, ஒரு எடத்துல பாலத்துச் செவத்து மஞ்சப் பெயிண்டு கூட அப்பியிருந்துச்சு.

"ஒரு பாலத்தையும் விடாம கட்டிப் பிடிச்சிட்டு வந்திருக்கிய போல மாமா"ன்னு சிரிச்சேன். கடைக்காரரு சிரிக்கல.

"ரோட்ட ஒடுக்கிட்டானுவ"ன்னு சொல்லிட்டு மாமா டீ கிளாஸோட பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாரு.

நான் அவருக்கு இடது பக்கமாப் போயி நின்னு மீசையத் தடவிக் காட்டுனேன். கொட்டு வரல. நாக்கத் துருத்துனேன். வரல. கைய அவரு காதுக்குப் பக்கத்துல கொண்டு போயி ஆட்டுனேன். அவரு பாட்டுக்கு டீய ஊதிக்கிட்டு இருந்தாரு.

சுத்தி வந்து வலது பக்கம் நின்னு அதையே செஞ்சேன். உடனே மண்டையில விழுந்துச்சு. "உனக்கு என்னைக்குலே புத்தி வரும்?"

வலிக்கவே இல்ல. நாளைக்கு அந்த இடது பக்கத்துலதான் மாமா மக பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு உக்காருவா.

புது டயரு நாலும் ஏறுன பெறவு மாமா எலுமிச்சம்பழம் கேட்டாரு. "டயருக்கெல்லாம் எதுக்கு"ன்னு கடைக்காரரு சொல்லியும் கேக்கல. "பேத்தி ஏறுத வண்டி"ன்னு அவரே குனிஞ்சி சக்கரத்துக்கு ஒண்ணா வச்சாரு. வச்சிட்டு டிரைவர் சீட்டுப் பக்கம் வந்தாரு. நான் கதவுல சாஞ்சி நின்னேன்.

"சாவியத் தாங்க மாமா. நான் ஓட்டுதேன்."

"உன் லோடு ஆட்டோன்னு நெனச்சியோ? தள்ளுல."

வாயில ஒரு நக்கலு வந்துச்சு. முழுங்கிட்டேன். "இப்ப உங்க இடது பக்கம் நின்னு ரொம்ப நேரம் பழிச்சிக் காட்டுனேன் மாமா. நீங்க கொட்டல."

மாமா செவத்துல சாத்துன டயரப் பாத்தாரு. கடைக்காரரு உள்ள எதையோ எடுக்கப் போற மாதிரி நழுவிட்டாரு.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டாக்டருகிட்ட போனியளா?"

"போனா ஓட்டாதேம்பான்." ரோட்டப் பாத்துக்கிட்டே, "ரோடு நல்லாத் தெரியுதுலே. அந்த ஓரந்தான் இல்ல"ன்னாரு.

சாவி என் கையில இருந்துச்சு. எப்பக் குடுத்தாருன்னு தெரியல. பானட்டத் தடவிக்கிட்டே முன்னால சுத்திப் போயி இடது பக்கத்து சீட்டுல உக்காந்தாரு. அந்த சீட்டுல அவர நான் பாத்ததே கிடையாது. சின்னதாத் தெரிஞ்சாரு.

"நாளைக்கும் நீயே ஓட்டு. முட்டி வலின்னு வீட்டுல சொல்லிக்கிடுதேன்."

நான் ஏறி உக்காந்தேன். வண்டிய மெதுவா முன்னால நகத்துனேன்.

"இந்தப் பக்கத்துப் பழம் ரெண்டும் நசுங்கிச்சா?" நேராப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "எறங்கிப் பாத்துச் சொல்லு."

எறங்குனேன். முன்சக்கரத்துப் பழம் நசுங்காம உருண்டு சாக்கட ஓரத்துல கெடந்துச்சு. வேற நாளா இருந்தா நசுங்கிச்சுன்னு அடிச்சி விட்டிருப்பேன்.

"ஒண்ணு உருண்டுட்டு மாமா. நசுங்கல."

"எடுத்து வையி. ஒழுங்கா ஏத்து."

தொடச்சி சக்கரத்துக்கு நேரா வச்சி, திரும்ப ஏறி, மெல்லமா எடுத்தேன். அவரு பக்கத்துல பொட்டுன்னு ஒரு சத்தம். எனக்கும் கேட்டுச்சு, அவருக்கும் கேட்டுச்சு.

"வீட்டுக்கு விடு"ன்னாரு. ரோடு ஏறுனதுக்குப் பெறவு, "முட்டி வலின்னு சொல்லல. கண்ணுன்னே சொல்லிருதேன்"ன்னாரு.