நாலாவது முகாமில் தண்ணீர்

டில்லி லோதி ரோட்டு அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். அதனால் எதையும் காலியாக விட எனக்கு மனசு வராது.

இன்டர்நெட்டில் மேப் வந்த புதிதில், பழைய இமயமலைப் பயணக்குழு ஒன்றின் நாட்குறிப்பைப் படித்து, அவர்கள் நடந்த வழியை அதில் குறித்து எல்லோரும் பார்க்கும்படி என் போன் நம்பரோடு போட்டேன். ஒவ்வொரு முகாமுக்கும் உயரம், தூரம், தண்ணீர் என்று கட்டங்கள். நாலாவது முகாமின் தண்ணீரைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. ‘ஊற்று உண்டு’ என்று நானே நிரப்பினேன்.

ஒருநாள் ஜனக்புரியிலிருந்து முருகேசன் என்பவர் போன் செய்தார். “சார், உங்க மேப்பைப் பாத்துதான் நாலு பேர் கெளம்பறோம். நாலாவது கேம்ப்ல ஊத்து இருக்கறதால தண்ணி கேனைக் குறைச்சிட்டோம்.”

நானாக எழுதியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “அச்சா, பாத்துப் போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. அடுத்த ஒன்பது நாளும் அப்படித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் மூடினேன்.

பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். “ஊத்து கெடைக்கல சார். அரை நாள் தேடினோம். ஆடு மேய்க்கறவங்க தண்ணி குடுத்ததால பொழைச்சோம். உங்க மேப் சரியாத்தான் இருக்கும். எங்களுக்குத்தான் பாக்கத் தெரியல.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஊத்து இருக்கான்னு எனக்கே தெரியாது சார். நானா எழுதினது” என்றேன்.

“மொதல்ல அதை அழிங்க” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அழித்தேன். என் வாழ்நாளில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான்.