கம்பமில்லாத கரண்ட்

பேரிகை ஊருக்கு வெளியே பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத் தக்காளித் தோட்டத்தில் முகம் கழுவக் குனிகிறேன். குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றுபோகிறது.

“கரண்ட் போயிடுச்சுங்க,” என்கிறார் மண்வெட்டியோடு நிற்கும் தோட்டக்காரர் முனியம்மா.

நான் கம்பத்தைத் தேடுகிறேன். தோட்டத்தில் கம்பமே இல்லை. பம்பை ஓட்டும் சோலார் தகட்டுக்கு மேலே நிற்கும் மேகத்தை அவர் கைகாட்டுகிறார்.

“எப்ப வரும்?”

“காத்தடிக்குது, இப்ப வந்துடும். முன்னெல்லாம் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்ல தண்ணி வாங்குவோம், அதுக்கு ராத்திரிலதான் கரண்ட் விடுவாங்க. பாம்புக்குப் பயந்துகிட்டே தண்ணி கட்டுவோம். இப்ப பகல்லயே கட்டிட்டு, ராத்திரி தூங்குறோம்.”

மேகம் நகர்கிறது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கொட்டத் தொடங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கிறது.

பிறந்ததிலிருந்து வெயிலைத் திட்டியே பழகியவன் நான். தகட்டின் ஓரத்தில் என் நிழல் விழுவதைக் கண்டதும் அவசரமாக விலகி நிற்கிறேன்.