தேன் தின்ற நாக்கு

மணிமேகலைக்கு வாய் நீளம். நாக்கு அதைவிட நீளம். மலையடிவாரத்தில், காரவள்ளியில் எங்களோடு சித்தாள் வேலை செய்கிறவள்தான். ஆனால் ஒரு பலாச்சுளையை வாயில் போட்டால் போதும், மழைக்கு முன்னால் இறக்கிய காயா, பின்னால் இறக்கியதா, பழுத்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். கட்டடத்துக்கு யார் பலா கொண்டுவந்தாலும் முதல் சுளை அவளுக்குத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும், கூட வேலை செய்யும் அனுராதாவும் பஸ் ஏறி மலைக்கு மேலே போவோம். சோளக்காடு சந்தையில் கடை கடையாய்ச் சுளை தின்று பார்த்து, ஆளுக்கொரு பழத்தோடு இறங்குவோம். இந்த வருடம் கூடவே ஒரு காரியமும் இருந்தது. அங்கே பழக்கடை வைத்திருக்கும் சாமியப்பனுக்கு, தோட்டம் தோட்டமாய்ப் போய் ருசி பார்த்துப் பழம் வாங்க ஓர் ஆள் வேண்டும். மணிமேகலையை வரச் சொல்லியிருந்தார். கலவைச் சட்டி சுமந்து சுமந்து அவளுக்கு முழங்கால் போய்விட்டது. இன்னொரு வருடம் சாரம் ஏற அவளால் ஆகாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

காரவள்ளி தாண்டியதிலிருந்து அனுராதா எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. மணிமேகலையோ சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பலாமரத்தையெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறங்கியதும் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். நல்ல காரியத்துக்குப் போகிறவள் வெறும் வாயோடு போகலாமா? ஒரு கடையில் சுளையைத் தேனில் முக்கி, ஒன்றுக்கு மூன்றாய் அவளுக்கு ஊட்டிவிட்டேன். அவளும் என் விரல்வரை நக்கினாள்.

சாமியப்பன் ஐந்து தட்டுகளில் சுளை வைத்திருந்தார்.

"எது ஒசத்தின்னு சொல்லுங்க அம்மிணி."

முதல் தட்டு. இரண்டாவது. மூன்றாவதில் அவள் முகம் மாறியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரையைத் தின்றுவிட்டு டீ குடித்தால் டீ இனிக்குமா? என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அனுராதா அவள் காதில் கிசுகிசுத்தாள். "ஏதோ ஒண்ணைக் கைகாட்டு புள்ள. மாட்டுனா மாட்டுது."

மணிமேகலை தட்டுகளைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு அஞ்சும் ஒண்ணாத்தான் தெரியுதுங்க. தேனைத் தின்னுபோட்டு வந்துட்டேன், நாக்கு மரத்துக் கெடக்குது. எதையாச்சும் சொன்னா பொய்யிங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க."

ஊட்டியது யார் என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நாந்தானுங்க ஊட்டுனேன், அவ மேல தப்பில்லீங்க," என்றேன்.

சாமியப்பன் சிரித்தார்.

"அஞ்சும் ஒரே பழமுங்க! காலையில இருந்து நாலு பேரு வந்தாங்க. ஒருத்தர் ரெண்டாவதுங்கறாரு, ஒருத்தர் நாலாவதுங்கறாரு. போன வருசம் வெச்ச ஆளும் இப்படித்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி, ரெண்டு லோடு சப்புன்னு எறக்கிப்போட்டான். நாளைக்கே வேலைக்கு வாங்க அம்மிணி."

மணிமேகலைக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏனுங்க, முழங்கால் நோவோட பஸ்ஸுல குலுங்கி வந்தவளை இப்படியா பண்றது? என் உசுரே போயிருச்சுங்க!"

அதற்குத் தண்டமாக அந்தப் பழத்தின் மிச்சத்தை அவரிடமே கேட்டு வாங்கி, மூன்று பேரும் கை பிசுபிசுக்கத் தின்றோம். ஐந்தும் ஒன்றாய்த் தெரிந்தது அவள் நாக்கின் திறமையா, தேன் செய்த வேலையா என்று பஸ் மலை இறங்கும்வரை எங்களுக்குள் சண்டை. அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி, "எங்க அந்த வாயாடி?" என்று கேட்டார். மலையில் வேலை கிடைத்ததை நான் பெருமையாகச் சொன்னேன். எனக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. சட்டி கைமாற்றுகிற வரிசையில் எனக்கும் அனுராதாவுக்கும் நடுவே அவள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இரண்டு அடி நகர்ந்து நானே சட்டியை வாங்கிக்கொண்டேன்.