ஏரி நடுவே இருபத்தாறு

1978 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குளித்தேன். எட்டரை மணிக்கு விதைப்பண்ணையில் வெப்பமானிகளைப் படித்துப் பதிவேட்டில் எழுதினேன். திரும்பும் வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். மதியம் முக்கால் மணி நேரம் உறங்கினேன். மாலை ஐந்தரைக்கு என் மனைவியை ஏமாற்றினேன்.

ஆம், ஏமாற்றினேன். ஒரு சாண் மஸ்லின் துணியாலும் ஒரு மைப்புட்டித் தண்ணீராலும் ஏமாற்றினேன். பதினோரு ஆண்டுகளாக இதை எவரிடமும் சொன்னதில்லை. அன்றைய நாட்குறிப்பில் கத்தரிக்காய்கூட இருக்கிறது, இது இல்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

என் வேலையை முதலில் நீங்கள் அறிய வேண்டும். திருத்தணிக்கு வெளியே உள்ள அரசு விதைப்பண்ணையில் நான் எழுத்தர். அங்கே காற்றுப் புகச் சாய்த்து அடுக்கிய சன்னல் இலைகள் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் உண்டு. ஒன்று காற்றின் வெப்பத்தை உள்ளபடி சொல்லும். மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல அது குளிர்ந்து, எப்போதும் குறைவாகவே காட்டும். வாரம் ஒருமுறை அந்தத் துணியை மாற்றுவது என் கடமை. காலை எட்டரை, மாலை ஐந்தரை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு எண்ணைக்கூட நான் ஊகித்து எழுதியதில்லை. பண்ணையில்...

ரேணுகா மதனப்பள்ளிக்கு மேலே ஒரு மலையில் வளர்ந்தவள். அவள் தந்தை அங்கே வனத்துறை பங்களாவின் காவலாளி. பங்களா வராந்தாவிலும் ஒரு வெப்பமானி தொங்கியது. வாரந்தோறும் அவர் மகளுக்குத் தெலுங்கில் ஒரு கார்டு எழுதுவார். நலம் விசாரிக்கும் முன்பே முதல் வரியில் அன்றைய வெப்பம் இருக்கும். "இன்று இருபத்தைந்து." "இன்று இருபத்தாறு, பலா பழுத்துவிட்டது." வெயில் தகிக்கும் எங்கள் அடுப்படியில் நின்று, அந்த எண்ணை அவள் தமிழில் உரக்கப் படிப்பாள். படித்துவிட்டுச் சற்று நேரம் கண்மூடி நிற்பாள்.

திருமணமாகி ஒன்பது கோடைகள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் அவள் ஊருக்குப் போனாள்; ஆனி பிறந்த பின் வந்தாள். அந்த இரண்டு மாதங்களும் என் நாட்குறிப்பில் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. எழுந்தேன், சமைத்தேன், படித்தேன், உறங்கினேன். அந்த ஒழுங்கைக் கண்டு மயங்காதீர்கள்! சாப்பிட்ட ஒரே தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அது காயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

'போகாதே' என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? ஒரே ஒரு சொல். ஏன் சொல்லவில்லை? நாற்பத்தோரு வயது மனிதன் மனைவியிடம் கேட்கக் கூடாத சொல்லா அது? கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்; ஒருவேளை போகாமலும் இருந்திருப்பாள். எண்களைச் சொல்லத் தெரிந்த அளவுக்கு எனக்கு வேறெதையும் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் காதர் பாய் படகு கொண்டு வந்தார்.

காதர் பாய் பம்புசெட்டு மெக்கானிக், என் நண்பர். பழவேற்காட்டிலிருந்து ஒரு பழைய மரப்படகை லாரியில் ஏற்றி வந்து, மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்றைப் பொருத்தி, மேலே துணிக்கூரை கட்டினார். முந்தின ஐப்பசியில் மழை கொட்டியிருந்ததால் எங்கள் ஊர் ஏரியில் சித்திரையிலும் ஆளுயரத் தண்ணீர் நின்றது. முருகனைப் பார்க்க வருபவர்களை ஏரியில் ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும், நடு ஏரியில் எவ்வளவு குளிர்ச்சி என்று அவர்கள் கண்ணால் காண வேண்டும். அதுதான் அவர் ஆசை.

"சார், கரையில இருக்கிற சூடு வேற, நடுவுல இருக்கிற காத்து வேற. வாயால சொன்னா எவன் நம்பறான்? முள்ளு காட்டணும்" என்றார். மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வட்ட முகப்பு வைத்த வெப்பமானியும் வாங்கி வைத்திருந்தார். அதன் குமிழ் ஓரிடத்திலும் முகப்பு வேறிடத்திலும் இருக்கலாம். இரண்டையும் இணைப்பது எட்டு முழ நீளமுள்ள நூல்போன்ற செம்புக் குழாய்.

குமிழை எங்கே வைப்பது? அந்த ஒரு கேள்வியில் மூன்று நாட்கள் மூழ்கினேன். முதலில் காதர் பாய் அதை இன்ஜின் பெட்டியோரம் கட்டி ஏரியில் ஒரு நடை ஓட்டினார். நாற்பத்தெட்டு காட்டியது!

"என்னா சார் இது, போட்டுக்கு ஜுரமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

இன்ஜின் சூடு படக்கூடாது, வெயில் படக்கூடாது, ஆட்களின் மூச்சும் அலைத்தெறிப்பும் படக்கூடாது, ஆனால் காற்று தடையின்றிப் புகவேண்டும். படகின் முன்முனையில் முழங்கை உயரத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி பொருத்தினேன். பண்ணைப் பெட்டியைப் போலவே இலைகள் வைத்து வெள்ளை பூசினேன். செம்புக் குழாய் நசுங்காதபடி பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, படகின் விளிம்போடு கொண்டுவந்து, இருக்கைக்கு எதிரே முகப்பைத் திருகினேன். அதற்கு முன்பே குமிழைப் பண்ணைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டாயிற்று. கால் டிகிரி வேறுபாடுகூட இல்லை. என் கையால் நான் செய்த வேலைகளில் அவ்வளவு சுத்தமானது வேறில்லை.

அந்த வாரம் ரேணுகா பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். தந்தையின் கார்டு வந்திருந்தது. "இன்று இருபத்தாறு. இருமல் இன்னும் விடவில்லை. எப்போது வருகிறாய்?"

இருமலைப் பற்றிய வரியை நானும் கேட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஏரி நடுவிலும் உன் ஊர்க் குளிர்ச்சி உண்டு" என்றேன்.

அவள் புடவையை மடித்தபடியே சிரித்தாள். "இந்த ஊர் ஏரியா? சும்மா இருங்க. நைனா இருபத்தாறுன்னு எழுதிகிறாரு. உங்க ஏரில இருபத்தாறு காமிங்க, பெட்டியைத் தூக்கிப் பரண்மேல போட்டுடறேன்!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான்... முந்தின மூன்று மாலைகளிலும் பண்ணையில் காற்று முப்பத்தாறு. ஈரக்குமிழ் மிகச் சரியாக இருபத்தாறு. அந்த எண் என் வாயருகே காத்திருந்தது!

ஞாயிறு மாலைப் பதிவைப் பண்ணை உதவியாளரிடம் விட்டுவிட்டு, அவளுக்கு முன்பே ஏரிக்கரைக்குப் போனேன். வெள்ளைப் பெட்டியைத் திறந்து, குமிழில் மஸ்லின் துணியைச் சுற்றினேன். துணியின் முனையை மைப்புட்டித் தண்ணீரில் விட்டேன்.

"இன்னா சார், மருந்து பாட்டிலா?" என்றார் காதர் பாய்.

"குமிழ் சூடேறாமலிருக்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்."

நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தினார். மேற்கே மலை, கோயில் கோபுரம், அதற்கும் அப்பால் ஆந்திரத்துக் குன்றுகள். முள் மெல்ல இறங்கியது. முப்பது... இருபத்தெட்டு... இருபத்தாறில் நின்றது. ரேணுகா முகப்பின் மேல் குனிந்து பார்த்தாள். பிறகு கையை வெளியே நீட்டி விரல்களை விரித்தாள்.

"காத்து சுடுதேங்க?"

நான் முகப்பையே பார்த்தேன்.

"முள்ளு பொய் சொல்லாது இல்ல?"

"சொல்லாது" என்றேன். மறுபடியும் பாருங்கள், நான் சொன்ன சொல் அதுதான்.

காதர் பாய் கைதட்டினார். "கேளு தங்கச்சி! இனிமே ஊட்டிக்கு ஒருத்தனும் டிக்கெட் எடுக்க மாட்டான்!"

அவள் வாக்குத் தவறாதவள். அன்றே பெட்டி பரண் ஏறியது. தந்தைக்கு எழுதினாள்: 'எனக்கும் இங்கே இருபத்தாறு கிடைத்துவிட்டது நைனா. தீபாவளிக்கு வருகிறேன்.' அவரிடமிருந்து பதில் வந்தது: 'இங்கே இன்று இருபத்தேழு. உன் ஏரி என் மலையை ஜெயித்துவிட்டதே!' அவள் அதை இரண்டு முறை படித்துச் சிரித்தாள். அதன் பிறகு வேறு கார்டு வரவில்லை.

அந்த ஐந்து வாரங்களில் பதினொரு முறை அவளைப் படகில் அழைத்துப் போனேன். நாள்தோறும் புட்டியில் தண்ணீர் நிரப்பினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிப் பேசினாள்: பலா, பனி, பங்களாவுக்கு வரும் அதிகாரிகளின் நாய்கள், மூடுபனியில் தந்தையின் விசில் சத்தம். அவ்வளவு பேச்சு அதற்கு முன் நான் கேட்டதில்லை. மகிழ்ச்சியாக இருந்தேன். ஆம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்... என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான ஐந்து வாரங்கள் அவை!

மே இருபத்திரண்டு. தந்தி வந்தது.

திருப்பதி பேருந்து, அங்கிருந்து மதனப்பள்ளி, பிறகு மலைப்பாதையில் ஒரு ஜீப். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டி இருபது நாட்கள் படுத்திருந்தாராம். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றாராம். அவள் அங்கே குளிர்ச்சியாக இருக்கிறாள், எதற்கு இழுக்க வேண்டும் என்றாராம்.

வராந்தாச் சுவரில் வெப்பமானிக்குக் கீழே கரிக்கோட்டில் எண்கள். நாளுக்கு ஒன்றாக, ஆண்டுக்கணக்கில். சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது. 27, அருகே 26. 28, அருகே 26. 26, அருகே 26. படுக்கும் நாள்வரை அவர் என் பொய்யைத் தம் கையால் எழுதியிருக்கிறார்.

ரேணுகா அந்த இரண்டாம் வரிசையை விரலால் தொட்டாள். "பாத்தீங்களா... நான் பக்கத்துலதான் இருந்துகிறேன்" என்றாள்.

சுவருக்கு முன்னால் நின்ற அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மாலை ஐந்தரை.

மறு ஆண்டு மழை இல்லை, ஏரி வறண்டது. காதர் பாய் படகை விற்றுவிட்டு, குழாயோடு முகப்பை மட்டும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அது கூடத்துச் சுவரில் தொங்குகிறது. குமிழில் துணி இல்லை. ரேணுகா தினமும் அதைப் பார்க்கிறாள். ஊருக்குப் போகிறேன் என்று அதன் பிறகு ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை. போவதற்கு அங்கே யார்? பெட்டி பரண்மேலேயே இருக்கிறது. அவள் அதை இறக்கமாட்டாளா, புடவைகளை மடிக்கமாட்டாளா என்று ஒவ்வொரு சித்திரையிலும் காத்திருக்கிறேன். அவள் என்னை விட்டுப் போகவேண்டும் என்று நான் ஏங்குவது விந்தையாக இல்லையா?

அவள் ஏங்குவது வேறொன்றுக்கு. "முப்பத்தொம்பதுங்க இன்னைக்கு. ஏரி நடுவுல இருந்தா இருபத்தாறா இருக்கும், இல்ல?" நேற்று மதியமும் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

நேற்று மாலை, அந்த 1978 நாட்குறிப்பை எடுத்தேன். ஏரிக்குப் போன பதினொரு நாட்களிலும் 26 என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன், உண்மையான எண்ணுக்காக. இதை உங்களிடம் சொல்வதற்கு முன்பே அந்த இடங்களை நிரப்பிவிட வேண்டும், பிறகு பக்கத்தை அவளிடமே காட்டிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

இன்று காலை முதல் வேலையாகப் பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் புரிந்தது... எனக்கு அந்த எண் தெரியாது! பண்ணையில் முப்பத்தாறு. ஆனால் ஏரி நடுவே? துணியை அவிழ்த்துவிட்டு நான் ஒருநாளும் பார்க்கவில்லையே! முப்பத்தைந்தா? முப்பத்திரண்டா? அந்தத் தண்ணீரும் இல்லை, அந்தக் காற்றும் இல்லை. ஊகித்து எழுத என் கை வரவில்லை.

பேனாவை மூடினேன்.

"எவ்வளவுங்க?" கொல்லையிலிருந்து கேட்டாள்.

எழுந்து போய் முகப்பைப் பார்த்தேன்.

"முப்பத்தொன்று" என்றேன். இன்றைய பக்கத்தில் அதை எழுதினேன்.