கடைசி வீட்டுச் சாய்தளம்

கீழக்குயில்குடி போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் புது நகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, தெருவில் மண்தான் இருந்தது. தெருவின் ஒரு ஓரமாகச் சிமெண்ட் வாய்க்கால் ஒன்று ஓடியது. ஓடியது என்று சொல்வதும் பொருத்தமில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வண்டி ஏற்றுவதற்காக அதன்மேல் கான்கிரீட்டில் சாய்தளம் போட்டு மூடியிருந்தார்கள். நாங்களும் போட்டிருந்தோம். உள்ளே மண் அடைத்துக்கொண்டதால் மழை பெய்தால் தண்ணீர் எங்கள் வாசலில் முழங்கால் அளவு நிற்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பேன்.

தார் ரோடு போட அனுமதி வந்தது. அளவெடுக்க வந்த பொறியாளர், எங்களைவிட வயதில் சிறிய பெண், தெருவாசிகளைக் கூட்டி நிறுத்திப் பேசினார்.

"மொதல்ல வாய்க்காலத் தூர்வாரணும். அப்பறந்தான் ரோடு. வாய்க்கால் மேல இருக்கிற எல்லாத்தையும் ஒடைச்சாத்தான் தூர்வார முடியும். தண்ணி நின்னா ரோடு தாங்காதுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். தெருக்கோடியில் இருந்த கடைசி வீட்டுக்காரர் மட்டும் முடியாது என்றார். அவர் தையல்காரர். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். மூன்று சக்கர ஸ்கூட்டரில் பழங்காநத்தத்தில் இருந்த தன் கடைக்குப் போய்வருவார். அவர் வீட்டுச் சாய்தளம்தான் தெருவிலேயே நீளமானது, அகலமானது. தண்ணீர் வெளியேற வேண்டிய வழியும் அதன் அடியில்தான் இருந்தது.

தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. நான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். தையல்காரர் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வாசல்ல தண்ணி நிக்கிறது எனக்குத் தெரியாம இல்ல டீச்சர்," என்றார். "ஆனா இத ஒடைச்சா நான் வீட்டுக்குள்ளயே கெடக்கணும். மத்தவுக படி வச்சு எறங்கிக்கிருவாக. நான் என்ன செய்ய?"

மறுநாள் பொறியாளரிடம் அதையே கேட்டேன். அவர் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, சாய்வ காம்பவுண்டுக்கு உள்ளயே வச்சுக்கலாம். கேட்டக் கொஞ்சம் உள்ள தள்ளணும். வாய்க்கால் மேல கழட்டி மாட்டுற மாதிரி கெட்டியான கம்பி வலை போட்டுக்கிருவோம். வண்டியும் போகும், தூர்வாரவும் செய்யலாம்."

கேட்டை உள்ளே தள்ளினால் அங்கே பந்தலில் படர்ந்திருந்த முல்லைக்கொடியை எடுத்தாக வேண்டும். தையல்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா பந்தலில் பூத்திருந்த முல்லையைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டார். பிறகு, "கொடி வேற எடத்துல வளரும். வேலையப் பாருங்க," என்றார்.

வேலை தொடங்கியது. பழைய கான்கிரீட்டை உடைத்ததும் தையல்காரர் வாசலில் பள்ளம்தான் மிஞ்சியது. வலையை ஏந்துவதற்குக் கட்டிய ஓரச்சுவர் இறுகும்வரை வண்டி போக வழியில்லை. முதல் நாள் எதிர்வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டி, கடைக்குப் போக ஆட்டோவில் ஏற்றினார்கள். நல்ல மனிதர்கள், சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்கள். அன்று மாலையே அவர், வேலை முடியும்வரை கடை திறக்கப் போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் போய்க் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்.

"அவுக மேல எந்தக் கொறையும் இல்ல டீச்சர். ஆனா என்னைய ஆள் தூக்குறது எனக்குப் பிடிக்கல. அந்த வண்டிய வாங்குனதே அதுக்குத்தான்."

வெளியே வந்து கொத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு, தளம் போட வைத்திருந்த தடிமனான பலகைகளை எடுத்து, ஓரச்சுவரில் பாரம் படாமல் பள்ளத்தின் குறுக்கே நெருக்கிப் போட்டு, அடியில் முட்டுக் கொடுத்தார். தானே அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்.

"வாங்கண்ணே, மெதுவா ஓட்டுங்க. நான் இங்கனதான் நிக்கிறேன்."

வண்டி ஏறியதும் பலகைகள் லேசாக வளைந்தன. தையல்காரர் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. தெருவுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தாமல், "வாரேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. புது ரோட்டில் விழுந்த தண்ணீர் சரிந்து வாய்க்காலில் இறங்கியது. கம்பி வலைக்குக் கீழே அது கலங்கி ஓடுவதை நான் குடையோடு நின்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் பிறகு சொன்னார்.

ஆனால் பிளாஸ்டிக் பைகளும் பால் கவர்களும் வந்து அந்த வலையருகில்தான் அடைகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்காரர்கள் முறைவைத்து வலையைக் கழற்றி அள்ளுகிறோம். முறைக்கு வராதவர்கள் வீட்டு வாசலில் தையல்காரர் தன் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். அவர்கள் வெளியே வரும்வரை அங்கிருந்து நகர மாட்டார்.