செதிள் சேர்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டும் மேசையடியில் குந்தியிருந்து சாரங்கன் செதிள் பொறுக்குகிறார். விளைமீன் செதிள் என்றால் முகம் மலர்ந்துவிடும். "சேர், ஒரு நாளைக்கு மீனையும் வாங்குங்களே," என்று வியாபாரி ரிஷாத் கேட்பதும், இவர் அடுத்த முறை என்று தலையாட்டுவதும் வழக்கம்.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிப்பவர். கழுவிய செதிளை மெல்லிய தகடாக்குவார். அதை மிதித்தால் துளி மின்சாரம் பிறக்கும். பற்றரி இல்லாமலே ஒரு குட்டி விளக்கு மினுங்கும். மனைவி ஜெயராணி பால்கனியை அவருக்கே விட்டுவிட்டு, உடுப்புகளை வரவேற்பறையில் காயப்போடுகிறார்.

அதே தொடர்மாடியில், இவர்களுக்கு நேர் மேல்வீட்டில் அன்னபாக்கியம் தனியாக இருக்கிறார். மரக்கறி தவிர வேறெதையும் தொடாதவர். விடிந்ததும் அவர் கட்டாயம் போய் நிற்கும் இடம் சாமிப்படத்தின் முன்தான். ஆகவே அங்கு விரித்திருந்த பாயின் கீழ் சாரங்கன் தகட்டை வைத்தார். வயரை ஜன்னல் வழியே தன் மேசையிலிருந்த குட்டி விளக்குக்கு இறக்கினார்; காலையில் அது மினுங்கினால் அவர் எழும்பிவிட்டார் என்று அர்த்தம். எதில் செய்தது என்று அன்னபாக்கியம் கேட்டபோது, "எல்லாம் இயற்கையானதுதான் அன்ரி," என்றார். அதில் பொய்யில்லை.

போன மாதம் ஒரு காலை விளக்கு மினுங்கவில்லை. விஞ்ஞானி அல்லவா, முதலில் வயரைத்தான் சோதித்தார். வயரில் பிழையில்லை என்றான பிறகே அன்ரியின் நினைவு வந்தது. உடுத்திருந்த சாரத்தோடு மேலே ஓடி, காவலாளியைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பித்தார். அன்னபாக்கியம் குளியலறையில் கால் முறிந்து, கூப்பிடக் குரலில்லாமல் கிடந்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பியதும் இருவரும் பார்க்கப் போனார்கள். பேச்சுவாக்கில் ஜெயராணி செதிள் கதையை உளறிவிட்டார். சாரங்கன் சுவரைப் பார்த்தபடி நின்றார். அன்னபாக்கியம் சாமிப்படத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மீனெண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே தூக்கி எறிஞ்சிருப்பன் தம்பி. பிறகு நான் விழுந்தது ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்? முருகனும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்."

ஆனால் இனிமேல் சைவமாக ஒன்று வேண்டும் என்று கட்டளையிட்டார். சாரங்கன் உற்சாகமாக முட்டைக்கோதின் பெருமையைச் சொல்லத் தொடங்க, ஜெயராணி அவர் காலை மிதித்தார்.

அன்று அன்னபாக்கியம் அவர்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வேலைக்கு வரும் பெண் குசினியில் வடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கதையில் இருக்க, சாரங்கன் மெல்ல அங்கே போய்க் குனிந்து, நிலத்தில் கிடந்த வெங்காயச் சருகுகளை ஒன்றும் விடாமல் அள்ளிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.